விளையாட்டு விசைப்பலகையும் தோல் நகரத்து வீடுகளும்

வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் பரவிக் கிடக்கும் தோல் தொழில் பகுதியில், அதாவது 2019இல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பழைய வேலூர் மாவட்டத்தில், கணினி விளையாட்டுக்கென்றே விற்கப்படும் இயந்திர விசைப்பலகையை வாங்குவோர் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களும், தொழிலில் புதிதாகக் கால்வைத்த இளைஞர்களுமே ஆவர். விளையாட்டில் ஒரு கணம் முந்துவதற்காக வாங்கப்படும் அப்பொருள் வீட்டுக்குள் வந்தபின் கணக்கு எழுதவும், விண்ணப்பம் நிரப்பவும், தமிழில் கடிதம் அடிக்கவும், சில வீடுகளில் உருதுவில் அடிக்கவும் பயன்பட்டாக வேண்டியிருக்கிறது. ஆகவே அதன் தகுதியை விளையாட்டை மட்டும் வைத்து அளப்பது போதாது. அது எந்த வீட்டில், எந்த வெயிலில், எந்த மொழிகளுக்கு நடுவே புழங்கப்போகிறது என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும். அவ்வாறு ஆராயும்போது, விளம்பரங்கள் முதலில் சொல்லும் சிறப்புகள் கடைசிக்கும், அவை சொல்லாமல் விடும் சில செய்திகள் முதலிடத்துக்கும் வந்துவிடுகின்றன.

இயந்திர விசைப்பலகை என்பது ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனிச் சுவிட்ச் அமைந்த விசைப்பலகையாகும். சாதாரணப் பலகையில் எல்லா விசைகளுக்கும் பொதுவாக ஒரே பிளாஸ்டிக் சவ்வு விரிக்கப்பட்டு, அதன்மேல் உள்ள ரப்பர்க் குமிழ்கள் விரல் அழுத்தத்தால் அமுங்கி மின்தொடர்பை உண்டாக்குகின்றன. இயந்திர வகையிலோ ஒவ்வொரு சுவிட்சும் ஓர் உறை, ஒரு தண்டு, ஒரு சுருள்வில், ஓர் இணை உலோகத் தொடுமுனை ஆகிய உறுப்புகளைக் கொண்ட முழுமையான சிறு பொறியாக இருக்கிறது. இன்று பரவலாகப் புழங்கும் வடிவத்தை 1980களின் முற்பகுதியில் அமைத்துக் கொடுத்தது செர்ரி என்னும் நிறுவனம். 1953இல் அமெரிக்காவில் தோன்றிப் பின்னர் ஜெர்மனிக்கு மாறிய அந்நிறுவனத்தின் எம்எக்ஸ் வகைச் சுவிட்சுக்கான காப்புரிமை 2014ஆம் ஆண்டளவில் காலாவதியானதும், கேட்டரான், கைல், ஔடேமு முதலிய சீனத் தயாரிப்புகள் அதே வடிவில் மலிந்தன. ஒரு காலத்தில் எட்டாத விலையில் இருந்த இயந்திர விசைப்பலகை, 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியையும் சேர்த்து, இன்று மாணவர் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கியதற்கு முதன்மையான காரணம் இதுவே.

புதுமை என்று விற்கப்படும் இப்பொருளின் முன்னோர் இப்பகுதிக்குப் புதியவர் அல்லர். வேலூரிலும் ஆம்பூரிலும் மட்டுமின்றித் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் பல தலைமுறையினர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் படிக்கட்டுகளை ஏறி இறங்கியவர்களே. பத்தாம் வகுப்பு விடுமுறையில் சேர்ந்து, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் முதலில் லோயர், பிறகு ஹையர் என்று தேறி, அந்தச் சான்றிதழைக் கொண்டு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தட்டச்சர் பணிக்கு முயல்வது இன்றளவும் நடுத்தரக் குடும்பங்களில் ஒரு வழியாக இருந்துவருகிறது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவராகப் போற்றப்படுபவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்குச் சென்ற இராமலிங்கம் முத்தையா. 247 எழுத்துகள் கொண்ட மொழியை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்குவதற்குக் கையாளப்பட்ட உத்தி, அழுத்தினாலும் தாள் உருளை நகராத விசைகளை அமைத்து, புள்ளி போன்ற குறிகளை அவற்றில் ஏற்றுவதாகும். புள்ளியை முதலில் அடித்துவிட்டு, அதே இடத்தில் மெய்யெழுத்தை அடிப்பது தட்டச்சு பயின்றோர் அனைவருக்கும் கைவந்த பழக்கம். 1955இல் இந்தியாவில் தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 2009இல் அதை நிறுத்திய பின்னும், பழைய பொறிகளைப் பழுதுபார்த்துக்கொண்டே பயிலகங்கள் ஓடின.

தட்டச்சுப் பொறிக்கும் இன்றைய விளையாட்டுப் பலகைக்கும் இடையில் நிற்பது டி.வி.எஸ். கோல்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸ் விற்ற இந்தப் பலகை, செர்ரியின் நீலச் சுவிட்சுகளுடன் நெடுங்காலம் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் பயணச்சீட்டு முகப்புகளிலும் உழைத்தது. விளக்கு அலங்காரம் ஏதும் இல்லாத, கனத்த, அசையாத அப்பலகையின் படபடப்பு ஒலியை வரிசையில் நின்ற தமிழ்நாட்டார் அனைவரும் கேட்டிருப்பார்கள். அதுவே விளையாட்டு ஆர்வலர் இன்று தேடும் ஒலி என்பதுதான் பலருக்கும் தெரியாது. வெளிநாட்டு இயந்திரப் பலகைகள் விலை மிகுந்திருந்த காலத்தில் இந்திய ஆர்வலர்கள் முதலில் நாடியதும் இதையேதான். எனவே இயந்திர விசைப்பலகையின் வரலாறு தமிழ்நாட்டில் விளையாட்டிலிருந்து தொடங்கவில்லை. பயிலகத்திலும் அலுவலக முகப்பிலும் தொடங்கியது.

சுவிட்சுகள் பொதுவாக மூவகைப்படும். தடையின்றி நேராக இறங்குவது ஒன்று. செர்ரியின் சிவப்பு வகை இதற்கு எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 45 கிராம் எடையளவு அழுத்தத்தில், இரண்டு மில்லிமீட்டர் இறங்கியதும் இது எழுத்தைப் பதிவு செய்துவிடும்; மொத்த இறக்கம் நான்கு மில்லிமீட்டர். பதிவாகும் இடத்தில் விரலுக்கு ஒரு சிறு மேடு தட்டுப்படுவது இரண்டாவது. பழுப்பு வகை இதைச் சேர்ந்தது. மேட்டோடு ‘டிக்’ என்ற தெளிவான ஒலியும் எழுப்புவது மூன்றாவது. இது நீல வகை. நிறப் பெயர்கள் செர்ரியின் வழக்கத்திலிருந்து வந்தவை. பிற நிறுவனங்கள் பெரும்பாலும் இவற்றைப் பின்பற்றினாலும் அழுத்த அளவுகளில் வேறுபாடு உண்டு.

புதிதாக வாங்கியவர் முதல் வாரத்திலேயே எதிர்கொள்ளும் சிக்கல் ஒலியே. ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களின் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கின்றன. ஒரே கூடத்தில் பாட்டி உறங்க, தம்பி படிக்க, அண்ணன் விளையாடும் குடும்பங்கள் ஏராளம். 1984இல் வேலூர்ப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான வி.ஐ.டி.யின் விடுதிகளிலோ, பலர் சேர்ந்து தங்கும் அறைகளிலோ இரவு ஒரு மணிக்கு நீலச் சுவிட்சைத் தட்டுவது நட்புக்கு உகந்ததன்று. சிவப்பு வாங்கினால் ஒலியே இராது என்று எண்ணுவதும் தவறு. ஒலியின் பெரும்பகுதி விசை அடித்தட்டில் மோதும்போதும், விட்டவுடன் மேலே எழும்பி உறையில் இடிக்கும்போதும் உண்டாகிறது. தட்டச்சுப் பொறியில் பழகிய வலுவான கை எந்தச் சுவிட்சையும் ஒலிக்கச் செய்துவிடும். பலகைக்கு அடியில் தடித்த விரிப்பு ஒன்றை இடுவது மேசை அதிர்வைக் கணிசமாகக் குறைக்கிறது. பயிலகத்தில் இருபது பொறிகள் ஒரே நேரத்தில் முழங்கியதை உழைப்பின் ஒலியாக ஏற்ற அதே பெற்றோர், வீட்டில் ஒரு பலகை ஒலித்தால் வெறும் பொழுதுபோக்கின் இரைச்சலாகக் கேட்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. காதை விட மனமே இதில் அதிகம் கேட்கிறது.

விளையாட்டுச் சிறப்புகளைச் சுருக்கமாகவே பார்த்துவிடலாம். பலகை தன் நிலையைக் கணினிக்கு எத்தனை முறை தெரிவிக்கிறது என்பது ஓர் அளவு. பழைய யூஎஸ்பி பலகைகள் விநாடிக்கு 125 முறை, அதாவது எட்டு மில்லிவிநாடிக்கு ஒருமுறை தெரிவித்தன. விளையாட்டுப் பலகைகள் 1000 முறை தெரிவிக்கின்றன. விநாடிக்கு 60 படங்கள் காட்டும் சாதாரணத் திரை ஒரு படத்துக்கே ஏறக்குறைய 17 மில்லிவிநாடி எடுத்துக்கொள்வதால், திரையை மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றுபவர் பெறும் பயன் சிறிது. பல விசைகளை ஒருசேர அழுத்தினாலும் ஒன்றும் விடுபடாமல் பதிவாவது மெய்யான வசதிதான். காந்தப்புலத்தை அளந்து விசையின் இறக்கத்தைக் கணிக்கும் புதிய வகைச் சுவிட்சுகளும் வந்துள்ளன. 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் இயங்கும் இவற்றில், விரல் சற்றே எழும்பியதும் விசை விடுபட்டதாகவும், சற்றே அமுங்கியதும் மீண்டும் அழுத்தப்பட்டதாகவும் கொள்ளப்படும். இந்த வேகம் நேர்மையின் எல்லையையும் தொட்டது: எதிரெதிர்த் திசை விசைகளைப் பலகையே தானாகச் சீர்செய்து கொடுக்கும் வசதியை, கவுண்டர் ஸ்டிரைக் 2 விளையாட்டின் அதிகாரபூர்வ சர்வர்களில் 2024 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் தடை செய்தது. தமிழ்நாட்டு இளைஞர் பலரும் விளையாடுவது செல்போனில்தான் என்பதையும் நினைத்தால், வீட்டில் விளையாடும் சாதாரண ஆட்டக்காரருக்கு இந்தப் பட்டியலில் பணம் கொட்டத் தக்கது அதிகமில்லை.

அளவைத் தேர்வதில் நேரும் பிழையே இதைவிடப் பெரிய இழப்பைத் தருகிறது. 104 விசைகள் கொண்ட முழுப் பலகை, வலப்புற எண் பகுதி நீக்கப்பட்ட 87 விசைப் பலகை, மேல்வரிசைச் செயல் விசைகளும் நீக்கப்பட்ட 61 விசைப் பலகை என இவை கிடைக்கின்றன. கடைசி வகை மேசையில் சுட்டிக்கு இடம் விடுவதால் ஆட்டக்காரரைக் கவர்கிறது. ஆனால் இப்பகுதியின் ஷூ கம்பெனிகளிலும் தோல் மண்டிகளிலும் கணக்கு வேலை பார்ப்போர் பலர் வீட்டுக் கணினியிலும் டேலி மென்பொருளைத் திறப்பவர்கள். அதில் எஃப்5 செலுத்துகை, எஃப்6 வரவு, எஃப்7 குறிப்பேடு, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் என்று செயல் விசைகளே வேலையின் கதவுகள்; தொகைகளை இடுவதற்கு வலக்கை எண் பகுதியைப் பார்க்காமலேயே தேடிச் செல்லும். மகனின் 61 விசைப் பலகையில் அப்பா எஃப்8ஐத் தேடி, இன்னொரு விசையைச் சேர்த்து அழுத்தித்தான் அதைப் பெற வேண்டும் என்று அறியும் அன்றே, பழைய சவ்வுப் பலகை பரணிலிருந்து இறங்கிவிடும். வீட்டில் ஒரே கணினி என்றால் முழுப் பலகையே பொருத்தமானது.

வெயிலூர் என்று வேடிக்கையாகச் சொல்லப்படும் வேலூரில் அக்கினி நட்சத்திர நாட்களில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். மின்விசிறிக்கு நேர்கீழே, திறந்த சன்னலுக்கு அருகே இயங்கும் பலகையில் வியர்வையும் தூசியும் ஒருங்கே சேர்கின்றன. விசைமூடிகள், அதாவது விரல் படும் மேற்பகுதிகள், இருவகைப் பிளாஸ்டிக்கில் வருகின்றன. மலிவான ஏபிஎஸ் வகை விரல் எண்ணெயாலும் உராய்வாலும் சில மாதங்களில் பளபளத்துவிடும். விளையாட்டில் நகர்வுக்குப் பயன்படும் டபிள்யூ, ஏ, எஸ், டி ஆகிய நான்கும் முதலில் மினுங்கத் தொடங்கும். பிபிடி வகை கடினமானது, பளபளப்பை நெடுநாள் தாங்குவது. வியர்வை மிகுந்த ஊரில் இந்த வேறுபாட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணாகாது. மூடிகளைக் கம்பிக் கொக்கியால் கழற்றி வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி, நன்கு உலர்த்தி மாட்டுவதும், இடைவெளியில் தூரிகையால் தூசி தட்டுவதும் போதிய பராமரிப்பாகும். சுவிட்சுக்குள் எண்ணெய் விடுவது, குறிப்பாகத் தையல் இயந்திர எண்ணெய் விடுவது, தூசியை ஒட்டவைத்துக் கெடுக்கும்.

தோல் பகுதிக்கே உரிய கேடு ஒன்றும் உண்டு. தோலிலிருந்து மயிரை நீக்கும் சுண்ணாம்புத் தொட்டிகளில் சோடியம் சல்பைடு சேர்க்கப்படுகிறது. அந்தக் கழிவு அமிலத்தோடு கலக்கும்போதோ தேங்கி அழுகும்போதோ ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிப்படுகிறது. பாலாற்று நிலத்தையும் நீரையும் தோல் கழிவு பாழாக்கியது குறித்த வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பின் வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாடறிந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கும் இன்றும், டேனரியை ஒட்டிய அலுவலகங்களிலும் வீடுகளிலும் அழுகிய முட்டை நாற்றமாக மூக்கு அறிவது இவ்வாயுவையே. வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும் இது, மின்தொடுமுனைகளின்மேல் சல்பைடு படலத்தைப் படியவைக்கிறது. ஒருமுறை அழுத்தினால் எழுத்து விழாமல் போவதும், சில வேளை இருமுறை விழுவதும் அத்தகைய தொடர்புக் குறைபாட்டின் அறிகுறிகளாகலாம். தங்கத்தைச் சல்பைடு எளிதில் தொடுவதில்லை. செர்ரி தன் சுவிட்சின் தொடுமுனைகளில் பொற்கலப்பைப் பயன்படுத்துவதும், காந்தவகைச் சுவிட்சில் தொடுமுனையே இல்லாதிருப்பதும் இத்தகைய இடங்களில்தான் உண்மையான சிறப்பாகின்றன. மில்லிவிநாடிக் கணக்கில் விளம்பரம் செய்யப்படும் காந்தச் சுவிட்சு, டேனரி ஓரத்தில் வேறொரு காரணத்துக்காக வாங்கத் தக்கது.

தோலைப் பகையாக மட்டும் காட்டுவது நியாயமன்று. பலகைக்கு அடியில் விரிக்கும் மேசை விரிப்பையும், மணிக்கட்டைத் தாங்கும் திண்டையும் வெளிநாட்டுப் பெயரில் கூடுதல் விலை கொடுத்து வாங்குவோர், அதே பொருளுக்கான மூலத்தோல் தங்கள் தெருக்கோடியில் வெட்டப்படுவதை எண்ணிப் பார்ப்பதில்லை. மேற்பூச்சிட்ட குரோம் தோல் வியர்வையைத் துடைத்தெடுக்க இடம் தரும்; மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலோ கைபட்ட இடமெல்லாம் நாளடைவில் கறுத்து, ஈரத்தோடு இரும்பு பட்டால் நீலக் கறையும் பிடிக்கும். திண்டைப் பொறுத்தவரை, அடித்துக்கொண்டிருக்கும்போது மணிக்கட்டை அதில் ஊன்றக் கூடாது. ஊன்றினால் உள்ளே செல்லும் நரம்பு அமுங்கும். இடைவெளியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து இளைப்பாறவே அது உரியது. முதுகை நிமிர்த்தி, மணிக்கட்டை உயர்த்தி அடிக்கச் சொன்ன பயிலக ஆசிரியரின் கண்டிப்பில் நல்ல மருத்துவமும் இருந்தது.

இனி மொழி. விசைப்பலகை எந்த மொழியையும் அறியாது. அது கணினிக்கு அனுப்புவது இன்ன இடத்து விசை அழுத்தப்பட்டது என்னும் குறியெண்ணை மட்டுமே. அதை எழுத்தாக மாற்றுவது இயங்குதளம். ஆகவே எந்தப் பலகையிலும் தமிழ் அடிக்கலாம்; எந்த முறையில் அடிப்பது என்பதே கேள்வி. பயிலகத்தில் தேறியவருக்கு இடக்கை விரல்கள் ய, ள, ன, க என்றும், வலக்கை விரல்கள் த, ம, ட, புள்ளி என்றும் அமரும் தட்டச்சு முறை உண்டு. இளையோர் பலர் ஆங்கில எழுத்துகளால் ஒலிபெயர்த்து அடிக்கின்றனர். மூன்றாவது, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம்99 மாநாட்டின் பயனாக உருவாகி, அவ்வாண்டே தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறை. உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் பிரிக்கப்பட்டிருப்பதால் இரு கைகளும் மாறிமாறி உழைக்கின்றன. ஒரே மெய்யை அடுத்தடுத்து அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும்; ‘அம்மா’ என்பதை அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டில் முடிக்கலாம், ஒலிபெயர்ப்பில் அதற்கு ஐந்து வேண்டும். ம்ப, ங்க, ந்த போன்ற இணைகளிலும் புள்ளி தானாக அமைவதால் ‘ஆம்பூர்’ என்பது ஆ, ம, ப, ஊ, ர, புள்ளி என ஆறு தட்டில் நிறைவுறும்.

விண்டோஸின் அண்மைப் பதிப்புகளிலும் மேக் கணினியிலும் தமிழ்99 உள்ளமைந்தே வருகிறது. பழைய கணினிகளுக்கு என்எச்எம் ரைட்டர், எ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் துணை செய்தன. விளையாட்டில் ஓடவும் ஒதுங்கவும் அழுத்தப்படும் டபிள்யூ, ஏ, எஸ், டி ஆகிய அந்த நான்கு விசைகளே தமிழ்99இல் ஈ, அ, இ, உ ஆகின்றன. ஆட்டத்தில் தேர்ந்த இடக்கைக்கு உயிரெழுத்துகள் விரைவில் படிவதற்கு இது துணையாகும். நல்ல விளையாட்டுப் பலகைகளில் விசைகளின் செயலை மாற்றியமைக்கும் உள்மென்பொருளும் உண்டு. பயனற்றுக் கிடக்கும் பெரிய எழுத்துப் பூட்டு விசையைத் தமிழ், உருது, ஆங்கிலம் ஆகியவற்றுக்கிடையே தாவும் விசையாக மாற்றிக்கொள்வது மும்மொழி புழங்கும் வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளுக்குப் பெரிதும் பயன்தரும். விளக்குகளை வானவில்லாக ஓடவிடுவதற்கு மட்டுமே அம்மென்பொருளைத் திறப்பவர்கள் இதைக் காணாமலே போகிறார்கள்.

பழுது என்று வரும்போதுதான் இயந்திரப் பலகை தன் விலைக்கு விடை சொல்கிறது. சவ்வுப் பலகையில் ஒரு விசை செத்தால் பெரும்பாலும் முழுப் பலகையும் குப்பைக்கே போகும். இயந்திரப் பலகையில் அந்த ஒரு சுவிட்சை மாற்றினால் போதும். சுவிட்சைப் பற்றவைக்காமல் குழியில் செருகும் வகை என்றால் வீட்டிலேயே ஐந்து நிமிட வேலை, பற்றவைத்த வகை என்றால் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்காரர் சூட்டுக்கோலால் மாற்றிக்கொடுக்கும் வேலை. சவ்வுப் பலகையின் விசை ஐம்பது லட்சம் முதல் ஒரு கோடி அழுத்தங்கள் வரையிலும், நல்ல இயந்திரச் சுவிட்ச் ஐந்து கோடிக்கு மேலும் தாங்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. அந்தக் கணக்கு தூசியும் சல்பைடும் இல்லாத சோதனைக்கூடத்துக்குரியது என்றாலும், ஒரு சுவிட்சை மட்டும் மாற்ற முடிவது எந்த ஊருக்கும் பொருந்தும். இரண்டு பலகைகள் ஒரே விலையில் இருக்குமாயின், விளக்குகள் குறைந்து சுவிட்ச் கழற்றத்தக்கதாக உள்ளதையே எடுப்பது அறிவு.

ஒரு குறை மட்டும் வாங்குவோரின் தேர்வால் தீர்வதாக இல்லை. ரூபாய்க் குறியை இந்திய அரசு 2010 ஜூலையில் ஏற்றது. அதை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டவர். அக்குறி டி.வி.எஸ். கோல்டு பாரத் என்னும் பலகையின் விசையில் விரைவிலேயே பொறிக்கப்பட்டது. அதற்குப் பதினோர் ஆண்டு முன்னரே ஏற்கப்பட்ட தமிழ்99 எழுத்துகளோ, தமிழ்நாட்டுக் கடைகளில் விற்கும் விளையாட்டுப் பலகைகளில் காணக் கிடைப்பதில்லை. ஒட்டுவில்லைகளை வாங்கி ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவையும் வேலூர் வியர்வையில் உரிந்துவிடுகின்றன. விசைமூடி அச்சிடுவது பெரிய தொழில்நுட்பம் அன்று. ஜப்பானிய எழுத்தும் கொரிய எழுத்தும் பொறித்த மூடித் தொகுதிகள் அழகுக்காகவே இங்கு இறக்குமதியாகி விற்கின்றன. கடைக்காரரிடம் விலையைப் பேசும்போது, தமிழ் எழுத்துப் பொறித்த மூடிகள் உண்டா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பவர் இல்லை என்பதே இதுவரை விற்பவர் சொல்லும் காரணமாக இருக்கிறது.